ரூபீனா கழுவிய மருந்து

வெள்ளிக்கிழமை வேதாந்தம் மாமா எங்கள் ஆய்வகத்துக்கு வந்து, ரூபீனா செய்த பச்சைத் தூளை ஒரு பாட்டிலில் வாங்கிக்கொண்டு பாலவாக்கம் போவார். அங்கே புற்றுநோயில் படுத்துக் கிடக்கும் தன் மனைவிக்கு அதைக் கரைத்துக் கொடுப்பார். இதுதான் எங்கள் பேராசிரியர் ரகுபதி போட்டுவைத்த ஏற்பாடு. எந்த ஆஸ்பத்திரியும் அனுமதிக்காத, ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்காத தூள் அது. அந்த அம்மாளின் வயிற்றுக்குள் அது போயிற்றா இல்லையா என்பதைத்தான் சொல்லப்போகிறேன். மயிலாப்பூர்க்காரி நீரஜாவுக்கு வாய் நீளம் என்று சார் என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்வார். நீளமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ரூபீனா யார் என்று சொல்லிவிடுகிறேன். தி.நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுடைய அப்பா அப்துல் கரீம், பையும் சூட்கேஸும் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருக்கிறார். தீபாவளிக் கூட்டத்தில் ஜிப் பிய்ந்த பையோடு ஊரே அவர் கடை வாசலில் நிற்கும். அந்த வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் இவள். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அடையாறில் எங்கள் கல்லூரிக்கு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் என் வேலை போய்விடும். அவளுக்கு மருந்து மூலக்கூறுகளைச் செய்யும் வேலை. எனக்கு, அவள் செய்து கொடுப்பதைப் புற்றுநோய் செல்கள்மேல் போட்டு, அவை சாகின்றனவா பிழைக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. இரண்டு பேரும் அடுத்தடுத்த அறையில் இருந்தோம்.

அவள் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடும். பிரிடின் என்று ஒரு கண்றாவித் திரவம் இருக்கிறது. அழுகின மீனையும் கருகின ரப்பரையும் சேர்த்துக் கொதிக்கவைத்தது மாதிரி நாறும். சர்க்கரை மூலக்கூறுகளைப் பக்குவப்படுத்த அது இல்லாமல் முடியாது. தலைமுடியில் ஏறிவிட்டால் எத்தனை ஷாம்பூ போட்டாலும் போகாது. சாயங்காலம் பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நின்றுகொள்வார்கள். வீட்டில் அவளுடைய அம்மா ஹமீதுன்னிசா, ஆய்வகத்துக்குப் போட்டுப்போகும் துணிக்கென்று குளியலறையில் தனி பக்கெட் வைத்திருந்தார். குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் கால் வைக்கலாம். ஒருமுறை பெண் பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி, வீட்டில் கருவாடு வறுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, அதோடு போனவள்தான். ரூபீனா அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லதாப் போச்சுக்கா. மூக்கு அவ்ளோ ஷார்ப்பா கீற வூட்ல நம்மளால காலந்தள்ள முடியாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் எல்லோரும் படிப்பு படிப்பு என்று இந்த நாற்றத்துக்குள் போய் விழுந்து, கடைசியில் எந்த மாதிரி ஆளுக்கு உழைத்துக் கொட்டுகிறோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அவள் செய்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வை இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். டி.என்.ஏ.வை ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டால், அதைக் கட்டும் செங்கற்கள் செய்ய உதவுவதுதான் நியூக்ளியோசைடு. சர்க்கரை ஒரு பாதி, நைட்ரஜன் வளையம் ஒரு பாதி. அதே அச்சில் ஒரு போலிச் செங்கலைச் செய்து நீட்டினால், ஓயாமல் பெருகிக்கொண்டிருக்கும் புற்றுநோய் செல் அவசரத்தில் அதை எடுத்துச் சுவரில் வைத்துவிடும். அதற்குமேல் சுவர் எழும்பாது, செல் செத்துப்போகும். இந்த வகையில் நல்ல மருந்துகள் பல இருக்கின்றன, எத்தனையோ பேரைப் பிழைக்கவைத்திருக்கின்றன. ரூபீனாவும் அப்படி ஒன்றைத்தான் செய்யப் பார்த்தாள். சர்க்கரையில் ஒரு கொக்கி, சேர வேண்டிய துண்டில் ஒரு வளையம். நடுவே கொஞ்சம் செம்பு உப்பைப் போட்டால் இரண்டும் சட்டென்று மாட்டிக்கொள்ளும். மாட்டிவிட்ட பிறகு செம்பு வெளியேறிவிட வேண்டும். அதை வெளியே அனுப்புவதுதான் கஷ்டம், கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கேதான் எங்கள் ஆய்வகத்தின் கேவலமான பழக்கம் ஒன்று வருகிறது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ரகுபதி சார் எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொருவரையும் கேட்கும் முதல் கேள்வி, "யீல்டு எவ்ளோ?" போட்ட சரக்குக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு பொருள் கையில் கிடைத்தது என்று அர்த்தம். ஒரு பொருளைக் கழுவக் கழுவச் சுத்தமாகும், கூடவே குறையவும் செய்யும். ஷ்ரவண் என்ற ஆராய்ச்சி மாணவன் ஒருமுறை ஒழுங்காகக் கழுவி, ஒழுங்காக வடித்து, பாதிக்கும் குறைவான பொருளோடு வந்து நின்றான்.

"மீதியை அடையாத்துல விட்டுட்டியா?" என்று சார் கேட்டார். அறையே சிரித்தது. அன்றிலிருந்து ஷ்ரவணும் ஒரு தடவைக்குமேல் எதையும் கழுவவில்லை, வேறு யாரும் கழுவவில்லை. சுத்தம் குறைந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், எடை குறைந்தால்தான் சிரிப்பார்கள். சார் தன் கையால் கடைசியாக ஒரு குடுவையைத் தொட்டது எப்போது என்று அவருக்கே ஞாபகம் இருக்காது.

ரூபீனாவுக்கு யீல்டில் கெட்டி என்று பேர். அவள் செய்த ஒரு பொருள் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டி வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய தூள் லேசான பச்சையாக இருந்தது. அவள் கேட்கத்தான் கேட்டாள்.

"சார், கொஞ்சம் பச்சையா இருக்கு சார். இன்னொரு வாட்டி கழுவட்டுமா?"

"அது அதோட கலர்மா. உங்க ஆளுங்களுக்குத்தான் பச்சைன்னா புடிக்குமே," என்றார் சார்.

அதற்கும் ஒரு சிரிப்பு. இவளும் வாயை மூடிக்கொண்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

நான் அந்தத் தூளை செல்கள்மேல் போட்டேன். குழிகள் உள்ள தட்டில் செல்களை வளர்த்து, மருந்தைப் போட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு மஞ்சள் கரைசலை ஊற்ற வேண்டும். உயிரோடு இருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும், செத்தது மாற்றாது. தட்டு முழுக்க மஞ்சள். மார்புப் புற்றுநோய் செல், கல்லீரல் புற்றுநோய் செல், எல்லாம் செத்திருந்தன. சார் மயிலாப்பூரிலிருந்து எல்லோருக்கும் ரோஸ்மில்க் வரவழைத்தார். ஆனால் நான் பக்கத்திலேயே நோயில்லாத சாதாரண சிறுநீரக செல்களையும் வைத்திருந்தேன். அவையும் செத்திருந்தன. போலிச் செங்கலாக இருந்தால், நிதானமாக இருக்கும் செல் இப்படி ஒரேயடியாகச் சாகக்கூடாது. போய்ச் சொன்னேன்.

"இப்ப அதை எழுத வேணாம் நீரஜா. அதை அடுத்த பேப்பருக்கு வச்சுக்கலாம்," என்றார். ரோஸ்மில்க் அவர் மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பிறகு ஒரு செய்தித்தாளில், சென்னைப் பேராசிரியர் புற்றுநோய்க்குப் புது மருந்து கண்டுபிடித்தார் என்று சாரின் படத்தோடு செய்தி வந்தது. ரூபீனாவின் பேர் அதில் இல்லை. அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டுதான் வேதாந்தம் மாமா வந்தார். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி பாலவாக்கத்து வீட்டிலேயே குழந்தைகளுக்கு வீணை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பிள்ளை சுஹாஸ் வெளிநாட்டில். மாமா தனியாகவே அலைந்தார்.

சாரைப் பார்க்க வந்தவர், சார் இல்லாத நாளிலும் எங்கள் வராண்டா பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். ஃபிளாஸ்க்கில் எங்களுக்குக் காபி கொண்டுவருவார். ரூபீனாவின் நாற்றத்துக்கு முகத்தைச் சுளிக்காத ஒரே வெளியாள் அவர்தான்.

"இந்த வாசனைலேருந்துதானே குழந்தே, எங்காத்து மாமிக்கு மருந்து வரப்போறது," என்பார் அவளிடம்.

அவளுக்கு அவர்மேல் பாசம் வந்துவிட்டது. மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் வேலைக்கு நடுவே வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். அவர் அவளை மட்டும்தான் குழந்தே என்பார். எனக்கு நீரஜாதான்.

மாமா சாரின் அறையில் போய் அழுதார். சார் அதில் உருகினாரா, அடுத்த செய்திக்கு ஆள் கிடைத்தார் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. இரண்டும் கலந்திருக்கும். எங்களைக் கூப்பிட்டார்.

"மனிதாபிமான அடிப்படையில குடுத்துப் பார்ப்போம். எழுத்துல ஒண்ணும் வேணாம். ரூபீனா, பெரிய அளவுல பண்ணிடு. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கட்டும்."

"சார், எலிக்குக்கூட இன்னும் குடுக்கலையே," என்றேன்.

"எலிக்குக் குடுக்கணும்னா கமிட்டி பர்மிஷன் வாங்கணும் நீரஜா. அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

எலிக்கு அனுமதி வேண்டும், மாமிக்கு வேண்டாம். இதை அவர் முகம் மாறாமல் சொன்னார். எனக்கு அந்த அறையில் நிற்கவே கூசியது.

ரூபீனா பெரிய குடுவையில் வேலையை ஆரம்பித்தாள். சின்ன அளவில் லேசாகத் தெரிந்த பச்சை, பெரிய அளவில் பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் மாதிரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து மேஜையில் வைத்தாள்.

"இதை ஒருத்தங்க வாயில ஊத்திக்கப் போறாங்கக்கா. செல்லு மேல போடறப்போ எனக்கு ஒண்ணும் தோணல. இப்ப பார்த்தா பயமா கீது."

"அப்ப கழுவேண்டி. யீல்டாவது மண்ணாவது."

அவள் அதில் ஒரு பங்கை எடுத்துக் கரைத்து, இ.டி.டி.ஏ. என்ற உப்பு கலந்த தண்ணீரோடு கூம்புக் குடுவையில் போட்டுக் குலுக்கினாள். அந்த உப்புக்குச் செம்பு என்றால் உயிர், எங்கிருந்தாலும் இழுத்துக்கொள்ளும். குடுவையை நிறுத்திவைத்ததும் தண்ணீர் அடியில் தங்கியது. நீலமென்றால் அப்படி ஒரு நீலம். வடித்துவிட்டு மறுபடி குலுக்கினாள், மறுபடியும் நீலம். தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை விடவில்லை. கடைசியில் கிடைத்த தூள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. எடை போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை எடை போட்டாள். அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த யீல்டில் ஒரு பங்கு வெறும் செம்பு உப்பு.

வெள்ளைத் தூள், பச்சைத் தூள், தனியாகக் கொஞ்சம் மயில் துத்தம் என்று மூன்றையும் என்னிடம் கொடுத்தாள். மயில் துத்தம் என்பது செம்பு உப்புதான், தோட்டத்தில் பூஞ்சைக்கு அடிப்பது. மூன்றையும் ஒரே தட்டில் போட்டேன். மஞ்சள் கரைசல் ஊற்றி, நேரம் ஆனதும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பச்சை போட்ட குழிகள் மஞ்சளாகவே நின்றன. மயில் துத்தம் போட்டவையும் அப்படியே. வெள்ளை போட்ட குழிகள் எல்லாம் நல்ல நாவல்பழ ஊதா. புற்றுநோய் செல்கள் ஒரு குறையும் இல்லாமல் கொழுத்துக் கிடந்தன. அவள் வருஷக் கணக்கில் பிரிடினில் முங்கிச் செய்த போலிச் செங்கலை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொன்றது முழுக்கச் செம்பு.

"இத்தினி வருஷமும் துத்தத்தைத்தான் சமைச்சுக்கினு இருந்தனாக்கா," என்றாள். அழவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சாரின் அறைக்குப் போனோம். சார் வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கையோடு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிளாஸ்டிக் மூடியில் அவர் கட்டைவிரல் பதிந்தது. ரூபீனா எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். அவர் ஒரு பஜ்ஜியை முடிக்கிற நேரம் யோசித்தார்.

"சரி, இப்ப இன்னா கெட்டுப்போச்சு? செம்புதான் கொல்லுதுன்னா, செம்போட சேர்ந்து கொல்லுதுன்னு எழுதிட்டாப் போச்சு. செம்பு நியூக்ளியோசைடு. தலைப்பை மாத்து. இன்னும் பெரிய ஜர்னல்லயே வரும்."

"வேதாந்தம் மாமாவுக்கு சார்?" என்று ரூபீனா கேட்டாள்.

"குடுத்துடு. கொஞ்சம்தானே. அந்த மனுஷனுக்கு வேண்டியது ஒரு நம்பிக்கை."

"சார், வாந்தி எடுப்பாங்க சார். வயித்தால போகும். லிவர் கெட்டுடும்."

"அந்தம்மாவுக்கு இனிமே லிவர் எதுக்கும்மா?"

சத்தியமாக இப்படித்தான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் இதுவரை அழுகிப்போன செல் தட்டுகளைக் கழுவியிருக்கிறேன், பூஞ்சை பிடித்த குப்பிகளை முகர்ந்திருக்கிறேன். எதற்கும் எனக்கு அப்படி ஓங்கரித்துக்கொண்டு வந்ததில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். ரூபீனா எனக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

அவள் சண்டை போடவில்லை, யாரிடமும் புகார் சொல்லவில்லை. நேராகத் தன் மேஜைக்குப் போய், இருந்த பச்சைத் தூள் முழுவதையும் கரைத்தாள். வெள்ளிக்கிழமைக்கென்று எடுத்துவைத்த பாட்டில், பழைய சாம்பிள், சார் காட்டுவதற்கென்று அலமாரியில் வைத்திருந்த குப்பி, எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் குடுவையில் போட்டுக் குலுக்கினாள். நீலத் தண்ணீர் கழிவுக் கேனில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஷ்ரவண் வந்து, "இன்னா ரூபி, சார் கொன்னுடுவார்," என்றான். அவள் கையை நிறுத்தவில்லை. பட்டம் வாங்க அவளுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது, ஆய்வுச் சுருக்கத்தை அந்த மாதம் கொடுக்க வேண்டும். அந்தச் சுருக்கம் முழுக்க இந்தப் பச்சையைப் பற்றித்தான்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். தோய்த்து மடித்த சட்டை, நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணம், கையில் ஃபிளாஸ்க். பாட்டிலை வைத்து எடுத்துப்போக மஞ்சப்பை ஒன்றை மடித்து வைத்திருந்தார். ரூபீனா அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். நான் கதவோரம் நின்றேன். அவர் கணக்கு வாத்தியார் இல்லையா, ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டார்.

"செம்புதானேம்மா? நாங்க ஆத்துல தெனம் செப்புக் குடத்துலதான் ஜலம் குடிக்கறோம். ஒடம்புக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றா."

"அது வேற மாமா. இது வெஷம். நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்லும். மாமி இருக்கற நெலமைல தாங்க மாட்டாங்க."

"சரி, அப்போ அந்த வெள்ளையைக் குடு."

"அது ஒண்ணுமே பண்ணாது மாமா."

"ஒண்ணும் பண்ணாதுன்னா, குடுக்கறதுல உனக்கு என்ன நஷ்டம்?"

ரூபீனா அவரையே பார்த்தாள். அந்த மனிதர் மஞ்சப்பையை மடியில் விரித்து நீவிக்கொண்டே இருந்தார்.

"ஆத்துக்குப் போய் அவகிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்றார். "இன்னிக்கு மருந்து வரதுன்னு காத்தாலேருந்து கேட்டுண்டே இருக்கா. நீ ஒரு வெறும் மாவைப் பொட்டலம் கட்டிக் குடுத்தாக்கூட நான் வாங்கிண்டு போயிடுவேன் குழந்தே."

"நான் செஞ்சதுன்னு நம்பித்தான் மாமா அவங்க குடிப்பாங்க. அதுவும் எலிக்கே குடுத்துப் பார்க்காத பொருள், உள்ள போய் இன்னா பண்ணும்னு எனக்கே தெரியாது. தெரியாததை மருந்துன்னு எப்படி மாமா குடுப்பேன்?"

அவர் எழுந்து சாரின் அறைக்குள் போனார். கதவு பாதி திறந்திருந்தது. சார் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"நான் இன்னா சார் பண்ணுவேன்? பிரமாதமா வேலை செஞ்ச மருந்து. அந்தப் பொண்ணு அவசரப்பட்டு மொத்தத்தையும் கழுவிக் கெடுத்துட்டா. இனிமே புதுசா பண்ணணும்னா மாசக்கணக்காகும்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் என்று பிடித்துக்காட்ட முடியாது, அதுதான் அருவருப்பு. மாமா வெளியே வந்தார். பெஞ்சில் இருந்த ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார். ரூபீனா எழுந்து நின்றாள், அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. நான் பொறுக்க மாட்டாமல் கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன்.

"மாமா, அவ சொன்னதுதான் நெஜம். நானே தட்டுல போட்டுப் பார்த்தேன். அந்தப் பச்சையை மாமிக்குக் குடுத்திருந்தேள்னா இன்னும் சித்ரவதைதான் பட்டிருப்பா."

"நீ அவளுக்குப் பரிஞ்சுண்டு பேசறே," என்றார் மாமா. "அவர் அத்தனை வருஷமா புரொபசர். அவ இன்னும் படிச்சிண்டிருக்கற பொண்ணு. நான் யாரை நம்பறது சொல்லு."

ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அதன்பிறகு சார் ரூபீனாவைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. செம்பு நியூக்ளியோசைடை ஷ்ரவணிடம் கொடுத்தார். அவன் இரண்டு நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் பச்சைத் தூளைச் செய்ய ஆரம்பித்தான். ரூபீனாவிடம், "நீ முதல்லேருந்து வேற மாலிக்யூல் சீரிஸ் ஆரம்பிம்மா, கழுவறதுதான் உனக்கு நல்லா வருதே," என்றார். வேறு வழிகாட்டியிடம் போனால் இத்தனை வருஷமும் கணக்கில் வராது. வீட்டில் அப்துல் கரீம், இன்னும் எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பதையே விட்டுவிட்டாராம். அவள் மறுபடி பிரிடின் பாட்டிலைத் திறந்தாள். அதே பஸ்ஸில், அதே நாற்றத்தோடு போய் வந்துகொண்டிருந்தாள். நான் மட்டும் சாரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டித் திட்டி எனக்கே என் குரல் அலுத்துப்போயிற்று.

மாமி இறந்துபோனார். சார்தான் செய்தி சொன்னார். தகனத்துக்குப் போக முடியவில்லை, துக்கம் கழிக்கும் பதின்மூன்றாம் நாள் சுபத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார் வேதாந்தம், நான் போய்விட்டு வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு பாலவாக்கம் போனார். எங்கள் யாரையும் மாமா கூப்பிடவில்லை.

சாயங்காலம் சார் திரும்பி வந்தார். வெற்றிலை போட்ட வாய், கையில் பட்சணப் பொட்டலம். நேராக ரூபீனாவின் மேஜைக்கு வந்தார். அவள் குடுவையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"நல்லா பண்ணியிருந்தாங்க. முறையா, குறை ஒண்ணும் இல்லாம," என்றார். "வேதாந்தம் சார் பெரிய மனசுக்காரர்மா. உன்னை மன்னிச்சுட்டேன்னு சொல்லச் சொன்னார். பாவம், சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்டா, மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லுங்கன்னார்."

அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கி அவர் மூஞ்சியிலேயே எறிய வேண்டும் போல இருந்தது. வாயைத் திறக்கப் போனேன். ரூபீனா என் கையைப் பிடித்து அழுத்தினாள். குடுவையை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"சார், மாமிக்குக் கடைசில வலி ரொம்ப இருந்துச்சா?"

சார் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"அதெல்லாம் நான் எங்கம்மா கேட்டேன்," என்றார். பொட்டலத்தைப் பிரித்து, முதல் லட்டை அவரே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.